நாலாம் நம்பரும் ஏழாவது எலும்பும்

எங்கள் ஸ்கேன் சென்டரில் கழுத்து எக்ஸ்ரேவுக்கு ஒரு நம்பர் உண்டு. நாலு. நான் படத்தைப் பார்த்துவிட்டு "நாலு" என்று சத்தம் கொடுப்பேன். அடுத்த அறையில் டைப்பிஸ்ட் ஒரு பொத்தானைத் தட்டுவாள். இங்கிலீஷில் மூன்று வரி தானாக வந்து விழும். கழுத்தெலும்புகள் ஏழும் வரிசையாக உள்ளன, முறிவு எதுவும் இல்லை, தசை இறுக்கத்தால் கழுத்தின் இயல்பான வளைவு நேராகியிருக்கிறது. அவ்வளவுதான். கீழே என் கையெழுத்து.

நெஞ்சுக்கு ஒன்று, முழங்காலுக்கு இரண்டு, இடுப்புக்கு மூன்று. நானே கண்டுபிடித்த ஏற்பாடு. மதுரை காளவாசல் பக்கம் வண்டிகள் ஒன்றன் பின்னால் ஒன்று முட்டிக்கொள்ளாத நாளே கிடையாது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் குறைவில்லை. நூறு கழுத்தில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அறிக்கைதான் எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஏன் வாய் வலிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நேரம் மிச்சமானது உண்மை. அதோடு வேறு ஒன்றும் போனது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

போன மாதம் எனக்குப் பிரிவுபசாரம் நடத்தினீர்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். கழுத்தில் அம்புட்டுப் பெரிய மாலையைப் போட்டுவிட்டுக் கழுத்தைப் பற்றி நான் செய்த தப்பைச் சொல் என்றால் எப்படி வாய் வரும்? "எல்லோரும் நல்லா இருங்க" என்று முடித்துக்கொண்டேன். இனி என் நாற்காலியில் உட்காரப் போகிற இளம் டாக்டர்கள் நீங்கள். அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

என் கோபத்தைப் பற்றி உங்களிடம் ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். அதில் மிகை ஒன்றும் இல்லை. எனக்கு வேலை தெரியும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். நான் சொல்லப் போகிற சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்பு, வெளியூரிலிருந்து வந்த இரண்டு டாக்டர்கள் என் அறையில் இருந்தார்கள். டைப்பிஸ்ட் கதவைத் தட்டி, "மேடம், இடது முழங்கால்னு சொன்னீங்க. படத்துல வலதுன்னுல்ல போட்டிருக்கு" என்றாள். விருந்தாளிகள் முன்னால் எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

"உனக்குச் சம்பளம் டைப் அடிக்கிறதுக்கு. படம் பாக்குறதுக்கு இல்ல" என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். பிறகு எடுத்துப் பார்த்தேன், வலதுதான். திருத்தினேன். அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தப் பெண்ணின் பெயரை இதில் போடட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "வேணாம் மேடம், ஊர்ல கிண்டல் பண்ணுவாங்க" என்றாள். அதனால் பெயர் இல்லை. தினமும் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பட்டப்படிப்பு, டைப்பிங். எலும்பைப் பற்றிப் படித்தவள் அல்ல.

அடுத்த புதன்கிழமை காலை செல்லப்பாண்டி வந்தார். நாற்பது வயது இருக்கும். சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறவர். திருமங்கலம் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வருவார். முந்தைய நாள் சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த வேன் இடித்திருக்கிறது. இறங்கிச் சண்டை போட்டிருக்கிறார், தாரை இறக்கியிருக்கிறார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வில்லாபுரத்தில் அவர் வீட்டுப் பக்கத்திலிருந்த கிளினிக் டாக்டர் ஒரு சீட்டு எழுதி எங்களிடம் அனுப்பினார். தன் வண்டியையே தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வாழைத்தார் தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் காதுவரை ஏறிய உடம்பு. படம் எடுத்தவர் தோளை இறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார், வலியில் செல்லப்பாண்டியால் முடியவில்லை. வெளியே கூட்டம். கிடைத்த அளவுக்கு எடுத்து அனுப்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. கிடைத்தது போதுமா என்று பார்க்க வேண்டியது என் வேலை.

நான் பார்த்தேன். எலும்புகள் வரிசையாக இருந்தன. வளைவு இல்லை, குச்சி போல நேராக இருந்தது. வலியில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். "நாலு" என்றேன். அடுத்த படத்தை எடுத்தேன். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எனக்குப் பழகப் பழகக் கண்ணே அவிந்துபோயிருந்தது.

அப்போது மணி பத்தரை. பன்னிரண்டரைக்கு டைப்பிஸ்ட் வந்து கதவோரம் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்களே?"

"திட்டுவேன். கேளு."

"காலைல அந்த லோடு வண்டிக்காரருக்கு நாலுன்னு சொன்னீங்க. ஏழு எலும்பும் வரிசையா இருக்குன்னு அடிச்சுக் குடுத்துட்டேன். ஆனா படத்துல எத்தன தடவ எண்ணினாலும் ஆறுதான் மேடம் வருது."

"அதெல்லாம் இருக்கும், போ" என்று சொல்ல வாய் திறந்தேன். நல்லவேளை, கை அதற்குள் படத்தைத் திறந்துவிட்டது. மேலே மோதிரம் போல முதல் எலும்பு. அடுத்து முளை வைத்த இரண்டாவது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அதற்குக் கீழே தோளின் வெள்ளை. வேறு ஒன்றும் இல்லை. நான் பார்க்காத ஓர் எலும்புக்கு நல்லாயிருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்திருந்தேன்.

"எப்பப் பாத்த?"

"அடிக்கும்போதே பாத்தேன் மேடம்."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவள் தரையைப் பார்த்தாள். "போன வாரம் அப்படிச் சொன்னீங்கல்ல. அதான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இன்னொண்ணு மேடம், அந்தச் சீட்டுல சுண்டுவிரல் மதமதப்புன்னு எழுதியிருந்துச்சு. அதத்தான் மனசு ஏத்துக்கல."

சீட்டை நான் படிக்கவே இல்லை. நோயாளியின் விவரம் அடிக்கிறவள் படித்திருக்கிறாள். ஆடுகிற கழுத்து, ஆடாத நெஞ்சோடு சேருகிற இடம் அந்த ஏழாவது எலும்பு. பின்னாலிருந்து இடிபட்டு வெட்டி இழுக்கும்போது அடி போய்ச் சேரும் இடங்களில் அது முக்கியமானது. சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பும் அதற்குக் கீழேதான் வெளியே வருகிறது. ஒரு முதலாண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம்.

இரண்டு மணி நேரம். அந்தத் தாமதம் அவளால் வந்ததல்ல. என் வாயால் வந்தது. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பதை நான் மற்றவர்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், சென்டரின் பெயர்மேல் அக்கறை உள்ளவர். "மெஷின்ல சின்னப் பிரச்சினை, இன்னொரு படம் எடுக்கணும், நாளைக்கு வாங்கன்னு சொல்லிருவோம் மேடம். அவங்களும் பயப்பட மாட்டாங்க" என்றார்.

ஒரு நிமிடம் எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. பொய்யும் சின்னது, யாருக்கும் மனக்கஷ்டமில்லை. ஆனால் மெஷின் கோளாறு என்றால் அந்த ஆள் எப்போது வருவார்? நாளை வருவார், இல்லை அடுத்த வாரம் வருவார். கையில் ஒன்றுமில்லை என்ற அறிக்கை இருக்கிறது. நம் ஊரில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். சுளுக்கு எடுக்கிற இடத்தைத் தேடிப் போவார்கள். அவரை உடனே அசையாமல் நிறுத்த வேண்டுமென்றால் பயம் வேண்டும். பயம் வர வேண்டுமென்றால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

சீட்டில் இருந்த நம்பர் அவர் மனைவியுடையது. எடுத்தார்.

"அம்மா, ஸ்கேன் சென்டர் டாக்டர் பேசுறேன். உங்க வீட்டுக்காரர் கழுத்துப் படத்த நான் தப்பாப் பாத்துட்டேன். ஒரு எலும்பு அதுல தெரியல. உடைஞ்சிருக்கலாம். அவர் எங்க?"

"சலூனுக்குப் போயிருக்காரும்மா. நாளான்னைக்கு அவரு தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் தாடியோட உக்காரக் கூடாதுல்ல. ஒண்ணும் இல்லைனுதானே எழுதிக் குடுத்தீங்க?"

ஷேவிங் முடிந்ததும் சலூன்காரர் என்ன செய்வார்? தலையில் நாலு தட்டு. பிறகு தாடையை ஒரு கையிலும் பின்மண்டையை ஒரு கையிலும் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு சொடக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடக்கு. கேட்காமலே செய்வார்கள். அன்பாகச் செய்வார்கள். கழுத்து வலி என்று சொன்னால் கூடுதலாக ஒன்று போடுவார்கள்.

"சலூன் எம்புட்டுத் தூரம்?"

"ரெண்டு தெரு."

"போனக் கட் பண்ணாம ஓடுங்கம்மா. அவர் கழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது. ஓடுங்க."

அவர் ஓடினார். எனக்குக் கேட்டதெல்லாம் செருப்புச் சத்தமும் மூச்சிரைப்பும்தான். நடுவில் ஒரு நாய் குரைத்தது. யாரோ "என்னக்கா?" என்று கேட்டார்கள். செருப்புச் சத்தம் நிற்கவில்லை. டைப்பிஸ்ட் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு போனில் மேனேஜர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

கடைசியில் பாட்டுச் சத்தமும் விசிறிச் சத்தமும் கேட்டன. "ஸ்பீக்கர்ல போடுங்க" என்று கத்தினேன்.

ஒரு ஆண் குரல் சாவகாசமாக வந்தது. "யாரு தங்கச்சி போன்ல? மாப்ளைக்கு ஷேவிங் முடிஞ்சுச்சு. கழுத்து வலிங்குறாரு. இந்தா, ரெண்டு சொடக்குப் போட்டு விட்டேன்னா பறந்துரும். கைய வச்சுட்டேன், ஒரு நிமிசம்..."

"கைய எடுடா!"

என் வாழ்க்கையில் நான் போட்ட கத்தலிலேயே உருப்படியான கத்தல் அதுதான். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்களாம். சலூனில் பாட்டு நின்றது.

"எடுத்துட்டேம்மா" என்றது அந்தக் குரல், சின்னப் பிள்ளை மாதிரி.

செல்லப்பாண்டியிடம் பேசினேன். நாற்காலியில் அப்படியே நேராக இருங்கள், தலையை ஆட்டாதீர்கள், ஆம்புலன்ஸ் வருகிறது, கழுத்துக்குப் பட்டை போட்டுப் படுக்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்றேன்.

"டாக்டரம்மா, நான் வண்டி ஓட்டிட்டே வாரேனே. எதுக்கு ஆம்புலன்ஸ் எல்லாம்? ஏரியாவுல பயந்துருவாங்க."

"தப்பு பண்ணுனது நான். பயப்பட வேண்டியதும் நான்தான். நீங்க அசையாம இருந்தாப் போதும். கை கால் எல்லாம் இப்ப நல்லா அசையுதா?"

"அசையுது. சுண்டுவிரல் மட்டும் நம்ம வெரல் மாதிரியே இல்ல."

அவரைக் கொண்டுவந்தபோது நான் வாசலில் நின்றேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரிடம் என் இரண்டு விரல்களைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். வாழைத்தார் தூக்குகிற பிடி. வலித்தது. அந்த வலி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பக்கத்தில் அவர் மனைவி நின்றார். ஓடிவந்த முகம் இன்னும் வியர்வையாக இருந்தது.

"மனுசன் உசுரு ஒங்களுக்கு வெளாட்டாப் போச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. கவனிக்கல. தப்புதான்" என்றேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று பிறகு பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நடக்கிற யானைதான் சறுக்கும். நான் அன்றைக்கு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ஏழாவது எலும்பு உடைந்து, அதற்குக் கீழே இருக்கும் எலும்பின் மேலிருந்து முன்பக்கமாகக் கொஞ்சம் நழுவியிருந்தது. தண்டுவடத்துக்கு இடம் இருந்தது, அதிகம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படத்தைப் பார்த்த அறுவைச் சிகிச்சை டாக்டர், "இதப் புடிச்சுத் திருகியிருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு, அந்த அம்மா நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மறுநாளே எலும்பை நேராக்கித் தகடு வைத்தார்கள்.

பழைய அறிக்கையை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே, முந்தைய அறிக்கை தவறு, ஏழாவது எலும்பு அந்தப் படத்தில் தெரியவில்லை என்று எழுதி என் பெயரைப் போட்டேன். தெரியவில்லை என்று எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஏன் கூச்சமாக இருந்தது என்று அன்றைக்கு யோசித்தேன். ஆறு எலும்பு நன்றாக இருக்கிறது, ஏழாவது தெரியவில்லை, வேறு படம் தேவை. இவ்வளவுதானே.

அன்று மாலையே டைப்பிஸ்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் அந்த முழங்காலுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "காபி சொல்லவா மேடம்?" என்றாள்.

"ஒனக்கு எப்படி எண்ணத் தோணுச்சு?"

"அதில்ல மேடம். ஏழு ஏழுன்னு தெனமும் அடிக்கிறேன். எதுதான் அந்த ஏழுன்னு ஒருநாள் பாக்கணும்னு ஆசை. ரிப்போர்ட்டுக்குப் பக்கத்துலயே படமும் தெரியும்ல. அப்புறம் பழக்கமாயிருச்சு."

நாலாம் நம்பரை நான் தூக்கிப் போடவில்லை. வேலை நடக்க வேண்டுமே. ஆனால் அந்த மூன்று வரியில் ஏழு இருந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். அந்த எண்ணை நான் சொன்னால்தான் அவள் அடிக்க வேண்டும், அடித்தால்தான் அறிக்கை வெளியே போகும். மறுநாளிலிருந்து நான் "நாலு" என்றால் அடுத்த அறையிலிருந்து "எத்தன மேடம்?" என்று கேட்கும். முதல் வாரம் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒருநாள் பசி வேளையில் பார்க்காமலே "ஏழு!" என்றேன். "எண்ணிட்டீங்களா?" என்றாள். எண்ணவில்லை. எண்ணினேன். ஏழுதான் இருந்தது. ஆனாலும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழும் சரியாக இருக்கிற கழுத்துதான் உங்களிடம் அதிகம் வரும். அவர்களுக்கு வலி இல்லை என்று அர்த்தமில்லை. படத்தில் சதையும் நரம்பும் தெரிவதில்லை. "ஒண்ணும் இல்ல, போங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எலும்பில் உடைவு தெரியவில்லை, வலி நிஜம்தான், கொஞ்ச நாளில் குறையும், கை மரத்தால் உடனே வாருங்கள், சலூனில் சொடக்கு எடுக்காதீர்கள் என்று சொல்லுங்கள். அரை நிமிடம் ஆகும்.

காதுகுத்து தள்ளிப் போனது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தக் கூடாது என்று செல்லப்பாண்டியின் தங்கை உறுதியாக நின்றுவிட்டார். மூன்று மாதம் கழித்துத் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோவிலில் வைத்தார்கள். எங்களுக்கும் பத்திரிகை வந்தது. நானும் டைப்பிஸ்டும் போனோம்.

செல்லப்பாண்டி பட்டு வேட்டியில், கழுத்தில் பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் பட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டதாம். இன்று ஒருநாள் கூட்டத்தில் யாராவது தோளில் தட்டிவிடுவார்கள் என்று அவர் மனைவிதான் போட்டுவிட்டிருக்கிறார். மடியில் மொட்டைத் தலையோடு மருமகள். காதில் ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டு அந்தப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அவர் சிரித்தார். சுண்டுவிரலை மடக்கி மடக்கி என்னிடம் காட்டினார்.

மொட்டை எடுத்தவர் அதே சலூன்காரர். கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "டாக்டரம்மா, அன்னைக்கு என்னைய டா போட்டுப் பேசிட்டீங்க. கடையில எம்புட்டுப் பேரு இருந்தாங்க தெரியுமா?"

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்ப யாராச்சும் சொடக்குப் போடச் சொன்னா ஒங்க சத்தம்தான் காதுல கேக்குது. கையே போக மாட்டேங்குது."

அப்போது செல்லப்பாண்டியின் மனைவி தாம்பாளத்தில் பூவும் சந்தனமும் எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். டாக்டர் அல்லவா. அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"ஆறுதான் இருக்குன்னு சொன்ன புள்ள எது?"

டைப்பிஸ்ட் என் பின்னால் ஒளியப் பார்த்தாள். கையைப் பிடித்து முன்னால் இழுத்து விட்டேன். அந்த அம்மா அவள் தலையில் பூவை வைத்து, கன்னத்தில் சந்தனத்தைத் தடவி, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். பிறகு எனக்கும் பூ கொடுத்தார். கொஞ்சம் குறைவாக. சரியான அளவுதான்.

நான் போய்விட்டேன், அவள் அதே அறையில்தான் இருக்கிறாள். உங்கள் முதல் கழுத்துப் படம் வரும்போது கூட்டம் இருக்கும், பசி இருக்கும், யாராவது விருந்தாளிகூட உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் "நாலு" என்பீர்கள். அடுத்த அறையிலிருந்து "எத்தன டாக்டர்?" என்று கேட்கும். கோபப்படாதீர்கள். ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். அவள் ஏற்கனவே எண்ணியிருப்பாள்.